பதினோராம் சனல்

போன வருடம் இரண்டாம் தவணை தொடங்கி மூன்றாவது கிழமை. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று இருபது இருக்கும். கொட்டாஞ்சேனையில் உள்ள என் அலுவலகத்தில் கப்பல் சரக்குப் பத்திரம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் எதிர் வீட்டில் இருக்கும் ராத்தாவின் இலக்கம்; முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அலுவலக நேரத்தில் அவர் எனக்கு எடுத்ததே இல்லை.

"அண்ணா, பதறாதீங்க. புள்ள இப்ப நல்லா ஈக்கிறா. ஆனா கெதியா வாங்க" என்றார்.

பதறாதீங்க என்று தொடங்கும் பேச்சைக் கேட்டு யார்தான் பதறாமல் இருப்பார்கள். பேனையை மூடாமலே எழுந்து ஓடினேன்.

எனக்கு ஒரே மகள். பதினான்கு வயது. ஒன்பது வயதில் அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். அதாவது, வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி. சீனி கூடினால் ஒரு பிரச்சினை. குறைந்தால் அதைவிடப் பெரிய பிரச்சினை, மயங்கி விழவும் கூடும். கனடாவில் இருக்கும் என் தங்கை இரண்டு வருடமாக அவளுக்கு ஒரு சென்சர் அனுப்பி வைக்கிறாள். மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான சின்னப் பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பில் சீனி எவ்வளவு என்று பக்கத்தில் இருக்கும் அவளுடைய போனுக்குச் சொல்லும். அந்தப் போன் வீட்டு வைஃபை வழியாக எங்கே இருந்தாலும் என் போனுக்குச் சொல்லும். என் திரையில் ஒரு புள்ளி விழும். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாகும்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் நான் வேலை செய்வேன், பஸ்ஸில் போவேன், கோயிலில் நிற்பேன். மனைவி பலமுறை திட்டியிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே அது வீட்டில்தான் இருக்கும். மகள் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சென்சர் அந்தப் போனைப் பிடித்துக்கொள்ளும். மனைவி தெஹிவளையில் ஆசிரியை; மேலதிக வகுப்பை முடித்துவிட்டு வர ஐந்தாகும். நான் வர ஆறு. இரண்டிலிருந்து ஐந்துவரை பிள்ளை தனிய. அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் அந்தச் சென்சரை நம்பியிருந்தேன்.

போனில் சிம் இல்லை. அது என் முடிவு. சிம் போட்டால் யார் யாரோடு கதைப்பாளோ என்ற பயம். வீட்டு வைஃபை இருக்கிறது, அது காணும் என்று சொல்லிவிட்டேன். பயந்த மனிதன் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அப்போது கெட்டித்தனமாகத்தான் தெரியும்.

அந்தத் தவணை தொடங்கியதிலிருந்து ஒரு புதிய தொந்தரவு. பின்னேரம் இரண்டரையை ஒட்டிப் புள்ளிகள் நின்றுவிடும். நாலரை போல எல்லாம் ஒன்றாக வந்து விழும். முதல் நாள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தேன். "நான் நல்லாத்தான் இருக்கிறன் அப்பா" என்றாள். அடுத்த நாளும் எடுத்தேன். அதற்கடுத்த நாளும். "நல்லாத்தான் இருக்கிறன்" என்ற அந்த இரண்டு சொல்லும் ஒவ்வொரு நாளும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் "ம்" என்றானது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேல்வீடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொள்வதைப் பற்றிப் பெற்றோர் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். இவளும் கொஞ்ச நாளாக, "எந்த நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீங்கள்" என்று முறையிட்டுக்கொண்டிருந்தாள். வைஃபையை வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று முடிவு கட்டினேன். அதற்கு ஒரு சாட்சியும் வைத்திருந்தேன்: நாங்கள் வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறுகளில் புள்ளி ஒன்றும் நிற்பதில்லை. இதைவிட என்ன வேண்டும்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது மரியாதைக்கு.

"நான் நிப்பாட்டேல்லை அப்பா."

"போன் பொய் சொல்லாது பிள்ளை."

"அப்ப நான்தான் பொய் சொல்லுறனோ?"

"இஞ்சருங்கோ, விடுங்கோ. பிள்ளை சாப்பிடட்டும்" என்றாள் மனைவி. பிள்ளை சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள்தான் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை. இரண்டு முப்பத்தைந்துக்குப் புள்ளி நின்றது. வழக்கம்போல் எடுத்துக் கேட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவளே புள்ளியை அனுப்பட்டும், எத்தனை நாளைக்கு நான் கெஞ்சுவது என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். நாற்பத்தேழு வயது மனிதன், பதினான்கு வயதுப் பிள்ளையோடு வீம்பு பிடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

முச்சக்கர வண்டியில் ஏறி வெள்ளவத்தை என்றேன். புறக்கோட்டை நெரிசலில் வண்டி நின்றபோது ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். மகள் என்றேன். உடனே அவர் வண்டியைத் திருப்பினார். எந்தெந்தச் சந்துகளால் ஓட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலி வீதியில் ஏறும்போது வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம்.

ராத்தா வீட்டு சோபாவில் மகள் இருந்தாள். கையில் கோப்பை. தலைமயிர் நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. ராத்தா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எங்கட மகன்ட ஒன்லைன் கிளாஸ் ஓடாம சும்மா சுத்திக்கிட்டே ஈந்திச்சி. நீங்க இண்டைக்கு லீவோ எண்டு பாக்க வந்து தட்டினேன். வந்து வைஃபையப் பாத்துக் குடுப்பீங்கதானே. உள்ளுக்கு ஏதோ விழுந்த சத்தம். பொறகு ஒண்டும் இல்ல. நான் விடல்ல, தட்டிக்கிட்டே ஈந்தேன். கதவத் தொறந்து என்னப் பாத்து, டீச்சர், நான் ஹோம்வேர்க் செஞ்சிட்டேன் எண்டு சொல்றா. சட்டையெல்லாம் வேத்து ஊத்துது. எங்கட வாப்பாக்கும் சீனி தானே, எனக்கு வெளங்கிட்டு. சீனியக் கரச்சிக் குடுத்தேன்."

அன்று மதியம் மகள் இன்சுலினைப் போட்டுக்கொண்டு, முதல் நாள் கோபம் தீராமல் பாதிச் சோற்றோடு எழுந்து, போய்ப் படுத்திருக்கிறாள். அப்படியே நித்திரை. சீனி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் நிப்பாட்டேல்லை அப்பா."

வீட்டுக்குள் போய் அவளுடைய போனை எடுத்தேன். கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. வைஃபை போட்டபடியே இருந்தது. ஒன்றும் நிறுத்தப்படவில்லை. புள்ளிகள் எல்லாம் அந்தத் திரையில் ஒழுங்காக விழுந்திருந்தன, எழுபதுக்குக் கீழே போகக் கூடாத இலக்கம், கடைசிப் புள்ளியில் நாற்பத்தெட்டு என்றிருந்தது. எச்சரிக்கை மணியும் அடித்திருக்கிறது. அந்த மயக்க நித்திரையில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய மற்ற ஆள் நான். என்வரை அது வந்து சேரவேயில்லை.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அப்படியானால் பின்னேரம் இரண்டரைக்கு எங்கள் வீட்டு வைஃபைக்கு என்ன நடக்கிறது? அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் என் சாப்பாடு.

மறுநாள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பரிடம் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது இளமை, நக்கலில் என்னைவிட மூப்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, ஒங்க வைஃபை எந்தச் சனல்ல ஓடுது?" என்றார்.

"பதினொண்டு. நல்ல சனல். நானே பார்த்துப் போட்டது" என்றேன் பெருமையாக.

"எப்பப் பாத்தீங்க?"

"கொரோனா நேரம்."

"கொரோனா நேரம் காலி ரோட்டும் காலியாத்தாண்ணே இருந்துச்சு."

பிறகு வடிவாக விளங்கப்படுத்தினார். வைஃபையைத் தரும் ரவுட்டர் பெட்டி பேசுவதற்கு இலக்கமிட்ட சனல்கள், அதாவது அலை வழிகள், இருக்கின்றன. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் பேசினால் நம் ரவுட்டர் பொறுத்திருக்கும். பத்துப் பேர் ஒரே சனலில் ஓயாமல் பேசினால், பிள்ளையின் பழைய போன் சொல்ல வருகிற அந்தச் சின்ன இலக்கம் வாசலிலேயே நிற்கும். "சிக்னல் கோடு முழுசா இருக்கும்ணே. அதப் பாத்து ஏமாறாதீங்க. யார் யார் எந்தச் சனல்ல இருக்காங்கன்னு காட்டுற மென்பொருள் இருக்கு. போட்டுத் தாறேன். ஒரு நாள் முழுக்க எழுதி வைக்கட்டும். பொறகு பேசலாம்."

அன்றிரவே வீட்டில் இருந்த பழைய மடிக்கணினியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அமைப்பை நீங்களே செய்ங்க. அப்பத்தான் விளங்கும்" என்றுவிட்டார். அந்த நாட்களில் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் ராத்தா வீட்டுக்கே போனாள். மடிக்கணினி மட்டும் அவளுடைய அறையில், அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில், அவளுக்குப் பதிலாகக் காவல் இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் ஓடிவந்து பார்த்தேன். திரையில் ஒவ்வொரு வைஃபையும் ஒரு சின்ன மலைபோல் தெரியும் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு மலை. எங்களுடையது. பதினோராம் சனலில் தனியாக, வடிவாக நின்றது.

"பார்த்தியா, ஒருத்தரும் இல்லை. சனல் சுத்தம்" என்றேன் மனைவியிடம்.

அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே, "இந்தக் கட்டடத்துப் பதினைஞ்சு வீட்டிலை எங்களிட்டை மட்டும்தான் வைஃபை இருக்கோ?" என்றாள்.

கணித ஆசிரியை. நான் திரும்பப் போய் ஒவ்வொரு தெரிவாகத் திறந்து பார்த்தேன். இணைந்திருக்கும் வலையமைப்பை மட்டும் காட்டு என்ற இடத்தில் சரி அடையாளம் போட்டிருந்தவன் நானேதான். மற்றவர்கள் எனக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறேன்.

அதை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை திரும்ப ஓடிவந்தேன். இந்த முறை பதிவு இரண்டு பத்துடன் நின்றிருந்தது. யாரும் தொடாததால் மடிக்கணினி நித்திரைக்குப் போய்விட்டது. சரியாகத் திருடன் வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் காவல்காரன் படுத்துவிட்டான். மகள் ராத்தா வீட்டு வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுவும் நிப்பாட்டிட்டுதோ?" என்றாள். குத்தலாகத்தான் கேட்டாள். எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

சனி, ஞாயிறு நெரிசல் வராது. அந்த இரண்டு நாளும் இருந்து முழுவதையும் ஒழுங்காக அமைத்தேன். கணினி நித்திரையே கொள்ளக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை பார். மகளின் போனுக்குத் தெரிந்த பழைய அலைவரிசையை மட்டும் பார். எல்லோரையும் காட்டு, பலம் குறைந்தவர்களையும் காட்டு. பார்த்ததையெல்லாம் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுது. நண்பர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல இன்னொரு வேலையும் சேர்த்தேன்: நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே இணையத்தின் கதவையும் தட்டிப் பார்த்து, பதில் வர எவ்வளவு நேரமானது என்றும் எழுத வேண்டும். இருபது வருடம் கப்பல் பத்திரங்களில் ஒரு எழுத்துப் பிழைகூட விடாமல் பார்த்தவன் நான். அந்தக் கவனம் முழுவதையும் அந்த இரண்டு நாளில் அதில் கொட்டினேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கே வீட்டில் நின்றேன். கோப்பு முழுதாக இருந்தது. மகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு திறந்தேன். இரண்டு இருபத்தைந்துவரை தட்டியவுடன் பதில். இரண்டு முப்பத்தொன்றில் தாமதம். இரண்டு நாற்பதில் பதிலே இல்லை. பிறகு ஒன்று வரும், இரண்டு வராது. நாலரைக்குப்பின் ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் வழமைக்கு வந்திருந்தது.

அதாவது, அயலில் உள்ள பிள்ளைகளின் ஒன்லைன் டியூசன் நேரம். சனி, ஞாயிறுகளில் எல்லோரும் நேரடி வகுப்புகளுக்குப் போய்விடுவார்கள். நான் மகளுக்கு எதிராக வைத்திருந்த சாட்சி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

படத்தைத் திறந்தேன். ஒன்றாம் சனலில் தூரத்துக் கட்டடம் ஒன்றின் தேய்ந்த மேடு. ஆறில் ஒன்றிரண்டு. பதினொன்றில் மலைக்குமேல் மலை, ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு. மகள் விரலால் எண்ணினாள். பதின்மூன்று. பெயர்களைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த வீடுகள். ராத்தா வீடு, மேல்மாடி வியாபாரி, கீழே இருக்கும் ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர், நாங்கள் மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுபவர்.

"எல்லாரும் ஏனப்பா பதினொண்டிலை நிக்கினம்?" என்று மகள் கேட்டாள்.

எனக்கு நினைவு வந்துவிட்டது. போனை எடுத்துக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் பின்னோக்கிப் போனேன். வெகுதூரம் போக வேண்டியிருந்தது. ஊரடங்குக் காலம். நான் எழுதியது அப்படியே இருந்தது: "அன்பான அயலவர்களே, நமது கட்டடத்தில் பதினோராம் சனல் காலியாக உள்ளது. அனைவரும் அதற்கு மாறினால் நல்ல வேகம் கிடைக்கும். உதவி தேவையானால் தயங்காமல் அழைக்கவும்." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

எழுதியதோடு நிற்கவில்லை. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் நானே மாற்றியும் கொடுத்தேன். தானாகத் தெரிவுசெய் என்று இருந்ததையெல்லாம் நிறுத்தி, பதினொன்றில் பூட்டிவிட்டு வந்தேன். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. சனம் இல்லாத கடை, இடம் கிடைக்கிற பஸ், நல்ல டியூசன் மாஸ்ரர் என்று ஒன்று கண்ணில் பட்டால் பத்துப் பேருக்குச் சொல்லாமல் நித்திரை வராது. பிறகு ஏன் சனமாக இருக்கிறது என்று குறைப்படுவோம். அன்றைக்கு எல்லோரும் நாள் முழுக்க வீட்டில், ஆளுக்கொரு நேரம் பாவித்தார்கள், பாரம் தெரியவில்லை. இப்போதோ, தவணை தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு.

மகள் என் தோளுக்கு மேலால் அதை வாசித்தாள். மெல்லச் சிரிக்கத் தொடங்கினாள். ஒரு கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"அப்பா, நீங்கள்தான் நிப்பாட்டியிருக்கிறீங்கள்."

"ஓம் பிள்ளை" என்றேன்.

"நான் சொன்னனான்தானே. நான் சொன்னா நம்பமாட்டீங்கள். மிசின் சொன்னாத்தான் நம்புவீங்கள்."

மன்னிப்புக் கேட்டேன். என் அப்பா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, ஆகவே எப்படிக் கேட்பது என்றும் சரியாகத் தெரியவில்லை. பிழை என்னுடையதுதான், அன்றைக்கு எடுக்காமல் விட்டதும் பிழைதான் என்று சொன்னேன். "சிம் வாங்கித் தாங்கோ" என்றாள் அவள். அடுத்த நாளே வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் ரவுட்டரை மட்டும் மாற்றிவிட்டால் காணாதா என்று மனைவி கேட்டாள். காணும். அன்றிரவே மாற்றியும் விட்டேன். ஆனால் ராத்தாவின் மகனுடைய வகுப்பு இன்னும் சுற்றிக்கொண்டுதானே இருக்கும். அவர் வந்து தட்டியதால் என் பிள்ளை இருக்கிறாள். அவருடைய வீட்டை அடைத்து வைத்தவன் நான். அப்படி விட்டுவிட மனம் வரவில்லை. ஒன்றாம் சனல் நல்லது என்று திரும்பவும் குழுவில் எழுதினால் அடுத்த மாதம் ஒன்றில் நெரிசல். இந்த முறை ஒரு திட்டம் வேண்டும்.

திட்டத்தை வரைந்தது மகள். ஐந்து மாடி, மாடிக்கு மூன்று வீடு, பதினைந்து பெட்டிகள். ஒன்றை ஒன்று இடிக்காத சனல்கள் மூன்று: ஒன்று, ஆறு, பதினொன்று. மூன்று நிறப் பென்சில். பக்கத்து வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே நிறம் வரக் கூடாது. கால்மணி நேரத்தில் போட்டு முடித்தாள். தாயைப்போல அவளுக்கும் கணக்கு வரும்.

வியாழக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. எல்லோரும் வீட்டில். காலை ஒன்பது மணிக்கு நானும் மகளும் படத்தோடும், ஊரடங்கு நேரம் நான் ரவுட்டர் கடவுச்சொற்களை எழுதி வைத்திருந்த பழைய கொப்பியோடும் கிளம்பினோம். முதலில் ராத்தா வீடு. "நான் போட்டது பிழை ராத்தா, எடுக்க வந்தனான்" என்றேன். "பொழயும் நீங்க, மருந்தும் நீங்களா" என்று சிரித்தார்.

கீழ்மாடி மாத்தயா என்னைப் பார்த்ததும் சிங்களத்தில், "போன முறையும் நீதானே வந்து செய்தாய் மல்லி?" என்றார்; மல்லி என்றால் தம்பி. ஓம் என்று தலையைச் சொறிந்தேன். மாற்றி முடித்ததும் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு ஏதோ வீடியோவை ஓடவிட்டுப் பார்த்து, "தென் ஹரித, மல்லி?" என்றார். இப்போது சரியா என்று. "ஹரி மாத்தயா" என்று சொல்லும்போது எனக்கு என்னையே கொஞ்சம் பிடித்தது.

நாலாம் மாடி வியாபாரிதான் விடவில்லை. புறக்கோட்டையில் மொத்தக்கடை வைத்திருப்பவர். படத்தில் அவருக்கு ஆறு. கதவிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பதினொண்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கண்டி ஓடர் எல்லாம் வரத் தொடங்கினது. எண் சாத்திரக்காரரும் எனக்குப் பதினொண்டு நல்லமெண்டு சொன்னவர். அதிலை மட்டும் கைவைக்காதேங்கோ."

இதற்கு நண்பர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. நான் அலைவரிசை, இடையூறு என்று தொடங்கினேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சரி அங்கிள், நீங்கள் பதினொண்டிலேயே இருங்கோ" என்றாள். அப்படியே மாடிப்படியில் குந்திக்கொண்டு, அழிரப்பரால் முழுப் படத்தையும் அழித்து, அவரைப் பதினொன்றில் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் அவரைச் சுற்றி மாற்றி வரைந்தாள். ஏற்கெனவே மாற்றிய நாலு வீடுகளுக்குத் திரும்பவும் இறங்க வேண்டியிருந்தது. லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

வியாபாரி மகிழ்ந்து போய் ஒரு பெட்டி சொக்லட்டை நீட்டினார். "இப்ப வேண்டாம் அங்கிள், எனக்குச் சுகர் நூற்று முப்பதிலை நிக்குது. பிறகு குறைஞ்சா வந்து வாங்குறன்" என்றாள். நான் திகைத்து நின்றேன். தன் நீரிழிவு வருத்தத்தைப் பற்றி வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்த பிள்ளை. அவர் மரியாதையாக, "அப்ப இஞ்சை உன்ரை பேரிலை வைச்சிருக்கிறன் பிள்ளை" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து வீடும் முடிந்தது. மடிக்கணினியைத் திறந்தோம். மூன்று இடத்தில் மூன்று கூட்டம், நடுவில் வெளி. மகள் அதைப் படம் பிடித்துத் தன் அத்தைக்குக் கனடாவுக்கு அனுப்பினாள்.

ஆனால் விடுமுறை நாளில் பரீட்சை இல்லை. உண்மையான பரீட்சை வெள்ளிக்கிழமை பின்னேரம். அன்றிலிருந்து மகள் திரும்ப எங்கள் வீட்டில்தான். அலுவலகத்தில் இரண்டரைக்கு நான் வேலையை விட்டுவிட்டேன். போனை மேசையில் நிமிர்த்தி வைத்தேன். நண்பர் பின்னால் வந்து நின்றார். இரண்டு முப்பது, புள்ளி. இரண்டு முப்பத்தைந்து, புள்ளி. இரண்டு நாற்பது. மேசைமேல் குனிந்தேன். புள்ளி.

"விழுதுண்ணே" என்றார் நண்பர், கிரிக்கெட் பார்ப்பதுபோல.

மூன்று மணிக்குப்பின் கோடு சரியத் தொடங்கியது. நூற்றுப் பத்து. தொண்ணூற்றெட்டு. எண்பத்தைந்து. போனைக் கையில் எடுத்தேன். நான் அழுத்துவதற்கு முன் அது அடித்தது. புதுச் சிம்மின் இலக்கம்.

"அப்பா, எண்பத்தைஞ்சிலை வந்திட்டுது. ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டிட்டன், இப்ப ஜூஸ் குடிக்கிறன். ராத்தாவுக்கும் சொல்லிட்டன். இனி எடுக்காதேங்கோ, கணக்குச் செய்யுறன்."

வைத்துவிட்டாள். ஒரு புள்ளி எழுபத்தொன்பது வரை இறங்கியது. அடுத்தது அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்தது எண்பத்தெட்டு. பிறகு தொண்ணூற்றேழு. நாலரைவரை ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. அந்த அலுவலகத்தில் நான் ஒருநாளும் சத்தமாகச் சிரித்தவன் அல்ல. அன்றைக்குச் சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன். நண்பர் முழு அலுவலகத்துக்கும் தேநீர் சொன்னார். யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "அண்ணன் வீட்டுப் புள்ளி பாஸாயிட்டுது" என்று சொல்லிவிட்டார்.

கட்டடத்தில் இப்போது ஒன்லைன் வகுப்புகள் சுற்றுவதில்லை. தவணைக்கு ஒருமுறை மகள் மடிக்கணினியைத் திறந்து சனல்களைப் பார்க்கிறாள். யாராவது புதிதாகக் குடிவந்தால், படத்தோடு போய்க் கதவைத் தட்டுகிறாள். என் பயம் மட்டும் முழுதாகப் போகவில்லை, பின்னேரம் மூன்று இருபதானால் நெஞ்சு ஒருமுறை இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் புள்ளி ஒன்று தவறினால் இப்போதெல்லாம் முதலில் வீட்டுக்கு எடுத்து, "சாப்பிட்டியா பிள்ளை?" என்றுதான் கேட்கிறேன்; யார் பிழை என்று தேடுவதற்குப் பிறகு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்பதை எனக்குப் படிப்பிக்க, என் பிள்ளை நாற்பத்தெட்டுவரை இறங்க வேண்டியிருந்தது.